மூன்று ப்ரொஃபைல் வந்திருக்கிறது, யாரைக் கூப்பிடுவது?

வாசகர் கேள்வி:

அக்கா, பாலக்கோடு வட்டத்தில் ஒன்பது கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். சின்ன டிரஸ்ட். சம்பள ஆள் என்று பார்த்தால் நானும் கணக்கு எழுதும் தம்பியும்தான், மற்றவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். போன ஜூனில் 41 பேர் இருந்தார்கள், இப்போது 27. ஓசூரிலிருந்து ஒருவர் தன்னார்வலர் பயிற்சிக்கென்றே 30,000 ரூபாய் தருகிறார். மூன்று பேரிடம் ப்ரொஃபைல் வாங்கினேன். ஒருவர் கம்பெனியில் 22 வருடம் எச்.ஆர். பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. இன்னொருவர் கல்லூரியில் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்த பேராசிரியர். மூன்றாமவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர், பதினாறு சர்டிபிகேட் வைத்திருக்கிறார், 'இன்டர்நேஷனல் சர்டிஃபைட்' என்று போட்டிருக்கிறார். எங்கள் டிரஸ்டில் ஒருவர், இவர்கள் யாரும் வேண்டாம், எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை, படித்தவரைத் தேடு என்கிறார். இந்த வேலைக்கு எந்தப் பின்னணி உள்ளவர் சரி?

பதில்:

தங்கச்சி, நானும் இதே தொழிலில் இருப்பவள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி எழுதுபவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் வாய்விட்டே பேசலாம்.

உங்கள் டிரஸ்டில் எம்.எஸ்.டபிள்யூ. கேட்கிறாரே, அவரிடம் ஒரு கதை சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வந்த படைவீரர்களைக் கவனித்துக்கொள்ள வீட்டுப் பெண்களைத் தன்னார்வலர்களாகத் திரட்டி வேலை வாங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். அந்த அனுபவமெல்லாம் ஆன பிறகுதான் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கை ஆரம்பித்தார். முதலில் வேலை வந்தது, படிப்பு பின்னால் வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். தன்னார்வலர் நிர்வாகத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிய சிலரை எடுத்துக்கொண்டால், ஐவன் ஷையர் மனோதத்துவம் படித்தவர், கொலராடோவில் போல்டர் என்ற ஊரின் சிறார் நீதிமன்றத்தில் உதவ வந்த தன்னார்வலர்களோடு வேலை செய்து இதற்குள் வந்தார். சூசன் எல்லிஸ் பிலடெல்பியா குடும்ப நீதிமன்றத்தின் தன்னார்வலர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1977-ல் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். இவர்கள் யாரும் 'தன்னார்வலர் நிர்வாகம்' என்று பட்டம் வாங்கி வந்தவர்கள் இல்லை. ஆக, இந்தப் பின்னணிதான் சரி என்று ஒன்றைக் காட்ட முடியாது. பின்னணியே பார்க்க வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ப்ரொஃபைலைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இதுதான்: இந்த மனிதர் இதுவரை ஆட்களை வேலை வாங்கியபோது கையில் என்ன பிடி இருந்தது? எச்.ஆர். அம்மாவிடம் சம்பளம் என்ற பிடி இருந்தது. வராவிட்டால் லாஸ் ஆஃப் பே. பேராசிரியரிடம் சர்டிபிகேட் இருந்தது. என்.எஸ்.எஸ். பையன் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் முடித்து, ஏழு நாள் முகாமும் போனால்தான் அது கைக்கு வரும், அதுவும் கேட்பவர் சொந்தக் கல்லூரி சார். சுயஉதவிக் குழுவில் வேலை பார்த்தவர்களிடம் கடன் இருந்தது. பேச்சாளருக்குப் பிடியே தேவையில்லை, இரண்டு மணி நேரம் பேசிவிட்டு சால்வை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உங்கள் 41 பேரிடம் உங்களுக்கு என்ன பிடி இருக்கிறது? ஒன்றும் கிடையாது. மூக்கணாங்கயிறு இல்லாத மாடு, எருது விடும் விழாவில் ஓடுவது மாதிரி. மாட்டோடு ஒப்பிட்டேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு பிடியும் இல்லாமல் ஒரு ஆளை ஆறு மாதம், ஒரு வருடம் நிறுத்திவைத்த அனுபவம் ப்ரொஃபைலில் எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில் 'பிற' என்ற இடத்தில் இருக்கும். கோவில் அன்னதானக் குழு, ரத்ததானக் குழு, அறிவொளி இயக்கம், ஊர் நூலகம் என்று எதுவாகவும் இருக்கலாம். எழுதியவருக்கே அதன் மதிப்பு தெரியாது, அதனால்தான் கடைசியில் போட்டிருப்பார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அறிவொளி காலத்தில் ஊத்தங்கரைப் பக்கம் லாந்தர் விளக்கில் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான், அன்றைக்குக் கிருஷ்ணகிரியெல்லாம் தர்மபுரி மாவட்டம்தான், 2004-ல்தான் பிரிந்தது. அப்புறம் மகளிர் குழுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-ல் ஆரம்பித்ததே நம் தர்மபுரியில்தானே, இங்கே அந்த வேலைக்கு அப்போது பஞ்சமே இல்லை. அதில் பல வருடம் ஓடியதில், தன்னார்வலராக இருந்தபோது கற்றது மறந்து, பயிற்சி என்றால் எல்லாரும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்கள் என்ற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடன் கையெழுத்து இருக்கிறதே, யார் எழுந்து போவார்?

அந்தப் பழக்கத்தோடு காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு அமைப்புக்குத் தன்னார்வலர் பயிற்சி எடுக்கப் போனேன். மதியம் 'பொறுப்புணர்வு' என்று ஒரு வகுப்பு, சார்ட்டெல்லாம் கலர் ஸ்கெட்ச்சில் எழுதி ஒட்டியிருந்தேன். மூன்றே முக்கால் இருக்கும், கடைசி வரிசையில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டினாள். நான் மைக்கிலேயே, 'பொறுப்பைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம், நீ எங்கே கிளம்பிவிட்டாய்?' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்கு டீ குடிக்கும்போதுதான் பக்கத்து ஊர்ப் பெண் சொன்னாள், அவள் ஊருக்கு நாலு மணி டவுன் பஸ்தான் கடைசி. மாந்தோப்புக்கு நடுவே நடந்து போக வேண்டும், அண்ணன்காரன் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தானாம். அதற்குப் பிறகு அவளை அந்த மையத்துக்கு வீட்டில் அனுப்பவே இல்லை. நல்ல தன்னார்வலர் ஒருவரை, தன்னார்வலரைத் தக்கவைப்பது எப்படி என்று வகுப்பெடுத்துக்கொண்டே நான் துரத்திவிட்டேன்.

அதனால் உங்களிடம் வரும் பயிற்றுநர் யாராக இருந்தாலும், போனில் பேசும்போது அவராகவே 'உங்கள் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்று கேட்கிறாரா பாருங்கள். ப்ரொஜெக்டர் இருக்கிறதா, ஏ.சி. ஹாலா என்று கேட்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் மூன்று பேருக்கு வருகிறேன்.

எச்.ஆர். அம்மாவை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். சேரும்போது ஒரு படிவம், என்ன வேலை என்று ஒரு தாள், விலகும்போது உட்கார்த்திவைத்து இரண்டு கேள்வி, இதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நம் சின்ன டிரஸ்டுகளில் மருந்துக்கும் கிடையாது. சட்டமும் தெரிந்திருக்கும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில், 'பணியாளர்' என்பதற்குள் சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் வருகிறார் என்பது எத்தனை டிரஸ்டுக்குத் தெரியும்? பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால் உள் புகார்க் குழு வேண்டும், உங்களுக்கு இருக்கிறதா? அந்த அம்மாவைக் கேளுங்கள். ஆனால் ஒன்று: அவர்கள் 'வாலண்டியரிங் அனுபவம்' என்று எழுதியிருப்பது கம்பெனி ஊழியர்களைச் சனிக்கிழமை கூட்டிப்போய் மரக்கன்று நட்டதாக இருந்தால், அது வேறு கணக்கு. கம்பெனி பஸ், கம்பெனி டி-ஷர்ட், மதியம் பிரியாணி, குரூப் போட்டோ. தப்பில்லை, நல்ல காரியம்தான், ஆனால் ராயக்கோட்டையில் தக்காளி பறித்துவிட்டு வந்து குளித்து ஆறு மணிக்குப் பாடம் எடுக்கிற பெண்ணைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

பேராசிரியரிடம் நீங்கள் வாங்க வேண்டியது வகுப்பு இல்லை, அவருடைய பெயர். நம் ஊரில் பெண் பிள்ளையை மாலையில் வெளியே அனுப்ப அப்பா யோசிப்பார், 'காலேஜ் சார் சொன்னார்' என்றால் அனுப்புவார். முகாம் நடத்திய ஆளுக்குச் சாப்பாடு, பாய், கழிப்பறை, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் அத்துப்படி. அவர் பழைய மாணவர்களில் ஊரிலேயே இருப்பவர்கள் யாராவது உங்களுக்குக் கிடைக்கலாம். சர்டிபிகேட் வாங்கிய பிறகும் அவரைத் தேடி வந்து வேலை செய்த மாணவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று பேரையாவது பெயர் சொல்லி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னால் நல்ல ஆள்.

பேச்சாளருக்கு வேண்டுமானால் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் கொடுங்கள். 'இன்டர்நேஷனல்' என்பதை மட்டும், எந்தச் சர்டிபிகேட், யார் கொடுத்தது என்று நேராகக் கேட்டுவிடலாம். தன்னார்வலர் நிர்வாகத்துக்கென்றே சி.வி.ஏ. என்று ஒரு அமெரிக்கச் சான்று உண்டு. முழுநேர வேலைக் கணக்கில் மூன்று வருட அனுபவம் காட்டினால்தான் அதன் தேர்வுக்கே உட்கார விடுவார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அவரிடம் அது இருந்தால் நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கூப்பிடுங்கள். என்.எல்.பி., நினைவாற்றல், கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது என்று பதினாறு இருந்தால், அவரை வணங்கி அனுப்பிவிடுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று உண்டு. படிக்கும்போதே களப்பணிக்குப் போய், நடந்ததை எழுதி, எழுதியதை ஒருவரிடம் கொண்டுபோய், 'நீ ஏன் அந்த இடத்தில் அப்படிப் பேசினாய்?' என்று கேள்வி வாங்கிப் பழகியவர்கள். ஒரு தன்னார்வலரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது அவர்களுக்கு வரும், மற்றவர்களுக்கு மைக் பிடிக்கத்தான் வரும். குறை என்னவென்றால், தொண்டு நிறுவனத்தில் பத்து வருடம் பயனாளிகளோடு இருந்தவர்கள், தன்னார்வலரையும் பயனாளி மாதிரியே பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பரிதாபமாகப் பேசுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது.

இவர்களில் யாராக இருந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகளோடு வேலை செய்யும் மையம் உங்களுடையது. முதல் பேச்சிலேயே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றி, யார் சேர்கிறார் என்று விசாரிக்கிறீர்களா, ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கும்படி விடுகிறீர்களா, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதைப் பற்றி எதுவுமே கேட்காத பயிற்றுநர் வேண்டாம். என்ன பின்னணியாக இருந்தாலும் வேண்டாம். 2012-ல் வந்த அந்தச் சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம், தன்னார்வலர் என்பதால் விலக்கு கிடையாது. குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணை ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் எழுதிவிடுங்கள், அதற்குப் பயிற்சி நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் உண்மையில் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது ப்ரொஃபைலில் இல்லை. 41, 27 என்று எழுதினீர்களே, அந்த 14 பேர் ஏன் போனார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அது தெரியாமல் பயிற்சிக்கு ஆள் தேடுவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று தெரியாமல் மாத்திரை வாங்குவது மாதிரி.

கெலமங்கலம் பக்கம் ஒரு குழுவில் இப்படித்தான் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் தம்பி 'ஆர்வம் குறைஞ்சிடுச்சுக்கா, ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் வையுங்க' என்றார். வருகைப்பதிவு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொருவரும் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தேதியை ஒரு தாளில் எழுதினோம். ஒன்பதில் ஆறு பேர் இரண்டே ஊர், ஆறு பேரும் மூன்று வாரத்துக்குள் நின்றிருந்தார்கள். என்ன நடந்தது அந்த மூன்று வாரத்தில்? அந்த இரண்டு ஊருக்கும் ஓசூர்க் கம்பெனி பஸ் வர ஆரம்பித்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு பி ஷிஃப்ட் ஏறுகிற பெண் மாலை ஆறு மணிக்கு மையத்தில் எப்படி இருப்பாள்? அதே பெண் ஏ ஷிஃப்ட் வாரத்தில் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறாள். ஷிஃப்ட் மாறி மாறி வரும் இருவரை ஜோடியாகப் போட்டு, ஒரு வாரம் இவள், மறு வாரம் அவள் என்று நோட்டை மாற்றினோம். நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஆர்வம் அப்படியேதான் இருந்தது, நேரம்தான் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தச் சர்டிபிகேட்டும் தேவைப்படவில்லை. நோட்டைக் கேட்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

உங்கள் 14 பேரில் சிலருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், சிலர் கம்பெனி பஸ் ஏறியிருப்பார்கள். சிலர் வேறு ஒன்று சொல்வார்கள், கேட்கத் தயாராக இருங்கள்: 'இல்லம் தேடிக் கல்வியில் மாசம் ஆயிரம் கொடுத்தாங்களே, இங்கே பஸ் காசுகூட இல்லை.' 2021-ல் அந்தத் திட்டம் வந்து ஏறக்குறைய 2 லட்சம் பேர் தன்னார்வலர் என்ற பெயரில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிய பிறகு, நம் ஊரில் அந்த வார்த்தைக்கே அர்த்தம் கொஞ்சம் மாறிவிட்டது. அது சரியா தப்பா என்று நான் வாதாடவில்லை. ஆனால் இதைப் பற்றி உங்கள் பயிற்றுநருக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும், 'சேவைக்குக் காசு எதற்கு' என்று மேடையில் முழங்கிவிட்டுத் தன் ஃபீஸை கவரில் வாங்கிப்போகிறவராக இருக்கக் கூடாது. என் கருத்து, ஊக்கத்தொகை உங்களால் முடியாது, ஆனால் போக்குவரத்துச் செலவு தன்னார்வலர் கையிலிருந்து போகக் கூடாது.

30,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிச் செலவு செய்வேன். ஒரு நாள் பெரிய பயிற்சி வேண்டாம். கேரளாவில் வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் வலிநிவாரணத் தன்னார்வலர்களுக்கு, கோழிக்கோடு, மலப்புரம் பக்கம், 16 மணி நேர வகுப்பும் கூடவே நாலு நாள் அனுபவமுள்ளவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் சேர்ந்ததுதான் பயிற்சி. தொடங்கியவர்கள் டாக்டர்கள், திரையில் பவர்பாயிண்ட் போட்டுக் காட்டி அனுப்பிவிடுவது போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் அந்த மாதிரி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, சொந்த ஊரில் சம்பளமில்லாத குழு ஒன்றையும் நடத்திய ஒருவர் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குள்ளேயே கிடைப்பார், அவரை மூன்று மாதத்தில் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் மையத்துக்கே வந்து, பாடம் நடக்கும்போது உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசும்படி கேளுங்கள். பெரும்பகுதி அதற்கு. எச்.ஆர். அம்மாவுக்கு அரை நாள், படிவங்களுக்கும் புகார்க் குழுவுக்கும். பேராசிரியருக்கு ஒரு கார் வைத்து, பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அவர் காசு கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். மீதியை பஸ் காசுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓசூர்க்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் முன்பு வேலை செய்த இடத்தின் தலைவர் நம்பரை வாங்காதீர்கள், அவர் நல்லதாகத்தான் சொல்வார். அங்கே தன்னார்வலராக இருந்து விலகிய ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு, கொடுத்துவிட்டு 'அவங்க என்மேல கோபமா இருப்பாங்க, ஆனா கேட்டுப் பாருங்க' என்று சொல்கிற ஒருவர் கிடைத்தால் ஃபீஸ் கொஞ்சம் கூட இருந்தாலும் விடாதீர்கள்.

அப்புறம் தேதி. ஆடிப்பெருக்கு வாரத்தில் வைக்காதீர்கள், பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருப்பார்கள். எந்த நாளாக இருந்தாலும் மூன்று மணிக்கு முடித்துவிடுங்கள்.